பழைய அம்பாசடர் காரின் துருப்பிடித்த பெட்ரோல் டேங்கைச் சரிசெய்ய முடியுமா?

பத்தாண்டுகள் ஓடாமல் நின்ற பெட்ரோல் அம்பாசடரின் டேங்குக்குள் துரு. மாற்றித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தகடு உறுதியாக இருந்தால் வேண்டியதில்லை.

டேங்கைக் கழற்றி, பெட்ரோலை முழுவதும் வடித்து, அளவு காட்டும் மிதவையையும் எடுத்துவிடுங்கள். ஒரு சிறு சங்கிலியை உள்ளே போட்டுக் குலுக்கினால் செதில் செதிலாகச் செந்தூள் கொட்டும். பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் ஜெட்டை, அதாவது பெட்ரோல் வரும் நுண்துளையை, அடைத்து வண்டியை நடுவழியில் நிறுத்துவது இந்தத் தூள்தான். பிறகு வெள்ளை வினிகரை விளிம்பு வரை நிரப்பி ஓரிரு நாள் விடுங்கள். பாதி நிரப்பினால் போதாது. காலி இடத்தில் ஈரம் படிவதால் மேல்தகட்டிலும் துரு ஏறியிருக்கும். வினிகரைக் கொட்டியதும் சமையல் சோடா கரைத்த நீரால் அலசி, உடனே சூடான காற்றைச் செலுத்தி உலர்த்துங்கள். சற்றே தாமதித்தாலும் செம்மஞ்சள் படலம் திரும்பிவிடும்.

ஊசித்துளை தென்பட்டால் பதறிப்போய் வெல்டிங் பட்டறைக்கு எடுத்துச் செல்லாதீர்கள், தயவுசெய்து. காலி டேங்கில் தங்கியிருக்கும் பெட்ரோல் ஆவி வெடித்தால் ஆளைக் கொன்றுவிடும். டேங்க் வேலையே செய்பவரிடம் கொடுங்கள். துளைகள் பலவாக இருந்தால் புது டேங்க்தான் வழி.

உள்பூச்சு பூசுவதானால் எத்தனாலைத் தாங்கும் வகையையே வாங்குங்கள். இப்போதைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள்; அது ஈரத்தை இழுக்கும். டேங்கைப் பொருத்தும்போது பெட்ரோல் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.