பழைய பொலிரோவில் 120 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் பொருத்தலாமா?

கேள்வி கேட்டிருப்பவர் தருமபுரியில் 2004 ஆம் ஆண்டு டீசல் பொலிரோ வைத்திருக்கிறார். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் மலைப்பாதையில் இரவில் ஏ.சி.யையும் பனிவிளக்குகளையும் சேர்த்துப் போட்டால் முகப்பு விளக்கு மங்குகிறது என்றும், சில மாதங்களாகக் காலையில் செல்ப் இழுக்கவே சிரமப்படுகிறது என்றும் எழுதியிருக்கிறார். இன்ஜினால் சுழன்று மின்சாரம் தந்து பேட்டரியையும் சார்ஜ் செய்யும் கருவியான ஆல்டர்னேட்டரில், 120 ஆம்பியர் தருவது ஒன்றைப் பெங்களூரு ஜே.சி. ரோட்டில் பேசி வைத்திருக்கிறார். அதை வாங்கலாமா என்பது கேள்வி.

நான் கிருஷ்ணகிரியில் வாகன மின்வேலை செய்கிறேன். ஆல்டர்னேட்டரைப் பெரிதாக்குவது இந்த வயதுடைய வண்டிக்கு நல்ல யோசனைதான். ஆனால் 120 வேண்டாம். இப்போது சொல்லப்பட்டிருக்கும் குறையில் ஒரு பகுதி ஆல்டர்னேட்டரின் குறையாகவே இல்லாமல் இருக்கலாம்.

முதலில் தேவையைக் கணக்கிட்டுப் பாருங்கள். 55 வாட் முகப்பு விளக்குகள் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 8 ஆம்பியர் எடுக்கும். பின்விளக்கு, மீட்டர் விளக்குகளுக்கு 3, பனிவிளக்குகளுக்கு இன்னொரு 8, ஏ.சி.யின் ஊதுவிசிறி முழு வேகத்தில் 12 முதல் 15, கம்ப்ரஸர் கிளட்சுக்கு 4, வைப்பருக்கு 4 அல்லது 5 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 45 ஆம்பியரை ஒட்டி வரும். கண்டன்சருக்குத் தனி மின்விசிறி இருந்தால் 55 ஆகும். 65 ஆம்பியர் ஆல்டர்னேட்டரே இதற்குப் போதும் என்று தோன்றும். ஆனால் தகட்டில் அடித்திருக்கும் அந்த எண், ஐஎஸ்ஓ 8854 தரப்படி, ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றும்போது தரும் மின்னோட்டம். இன்ஜின் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காத நிலையில், 750 சுற்றில் ஓடும்போது, புல்லி விகிதத்தைச் சேர்த்தாலும் ஆல்டர்னேட்டர் 1500 முதல் 1900 சுற்றுக்குள்தான் இருக்கும். அந்த வேகத்தில், அதுவும் சூடேறிய நிலையில், பாதிக்கும் குறைவாகவே கிடைக்கும். மாங்காய்ப் பருவத்தில் எங்கள் ஊர் மாங்கூழ் ஆலைகளுக்கு முன்னால் இரவெல்லாம் இன்ஜினை ஓடவிட்டு, விளக்கும் விசிறியும் போட்டபடி வரிசையில் நிற்கும் பிக்கப் வண்டிகள், காலையில் பேட்டரி இறங்கிப்போய்ப் பட்டறைக்கு வருவதற்குக் காரணம் இதுதான். மலைப்பாதையில் இரண்டாம் கியரில் மெல்ல ஊர்ந்து இறங்கும் உங்கள் வண்டியின் நிலையும் ஏறக்குறைய அதுவே. ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டியது, அந்த ஆல்டர்னேட்டர் குறைந்த வேகத்தில் எவ்வளவு தரும் என்பதைத்தான். சில தயாரிப்பாளர்கள் தகட்டிலேயே 45/90 என்பதுபோல் இரண்டு எண்களைத் தருகிறார்கள்; முதல் எண் குறைந்த வேகத்துக்கு உரியது, உங்களுக்குப் பயன்படுவதும் அதுவே. பழைய கூட்டுக்குள் தடித்த கம்பியைக் குறைந்த சுற்றுகளாகச் சுற்றி "120" என்று ஒட்டி விற்கப்படும் ஆல்டர்னேட்டர், சார்ஜ் தரத் தொடங்குவதற்கே கூடுதல் வேகம் கேட்கும். ஐடிலில் அது உங்கள் பழையதைவிட மோசமாக இருக்கவும் கூடும்.

அடுத்தது ஒயரிங். எதையும் வாங்குவதற்கு முன் மல்டிமீட்டரை எடுத்து, இன்ஜினை 1500 சுற்றில் வைத்து, எல்லா விளக்குகளையும் ஊதுவிசிறியையும் போட்டுவிட்டு பேட்டரி முனைகளில் அளவு பாருங்கள், 13.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். அதே நிலையில் முகப்பு விளக்கின் சாக்கெட்டிலும் அளந்து பாருங்கள். பழைய வண்டிகளில் அங்கே 12 வோல்ட்டுக்கும் குறைவாகக் காட்டுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஹாலஜன் விளக்கில் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளியில் ஏறக்குறைய 30 விழுக்காடு போய்விடும். விளக்குக்கான மின்சாரம் முழுவதும் ஸ்விட்ச், டிப்பர் (ஒளியை உயர்த்தித் தாழ்த்தும் ஸ்விட்ச்) வழியாகப் போய்த் தேய்ந்த முனைகளில் வீணாவதே மின்னழுத்தம் இப்படிக் குறையக் காரணம். பேட்டரியிலிருந்து ப்யூஸுடன் நேராக ஒரு கம்பி இழுத்து, விளக்குகளுக்கு ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் ஸ்விட்ச்) போட்டால், செலவு மிகக் குறைவு, பலன் அன்று இரவே தெரியும். ஆல்டர்னேட்டரின் உடம்புக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், அல்லது புதிதாக மாற்றுங்கள்.

இவற்றைச் செய்த பிறகும் ஐடிலில் மின்னழுத்தம் 13 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பெரிய ஆல்டர்னேட்டருக்குப் போகலாம். அப்போதும் 80 அல்லது 90 ஆம்பியரோடு நின்றுவிடுவதே என் பரிந்துரை. 120 ஆம்பியரை 14 வோல்ட்டில் முழுதாக எடுத்தால் 1680 வாட். ஆல்டர்னேட்டரின் செயல்திறன் 55 முதல் 60 விழுக்காடுதான் என்பதால் இன்ஜினிலிருந்து கிட்டத்தட்ட 4 குதிரைத்திறன் போகும். அதை ஒற்றை வி பெல்ட் தாங்காமல் வழுக்கும். வழுக்காதிருக்க இறுக்கினால் பேரிங் போகும்.

பெரிய ஆல்டர்னேட்டரைப் பழைய கம்பியிலேயே இணைப்பது ஆபத்தானது. 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 2 மீட்டர் நீளத்தில் 60 ஆம்பியரைக் கடத்தும்போது அதிலேயே அரை வோல்ட் விழும், கம்பியும் சூடாகும். 16 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் அந்த இழப்பு கால் பங்காகிவிடும். ஆகவே ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு 16 சதுர மில்லிமீட்டர் கம்பியைத் தனியாக இழுத்து, கம்பி முனையில் மாட்டும் லக்கை முறையாக அழுத்திப் பொருத்தி, பேட்டரி பக்கத்தில் 100 ஆம்பியர் ப்யூஸ் போடுங்கள். ப்யூஸ் காப்பது கம்பியைத்தான்; கம்பியை மாற்றாமல் ப்யூஸை மட்டும் பெரிதாக்கினால் வண்டி தீப்பிடிக்கும். இதே கேள்வியோடு வரும் பழைய ஜீப்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: டாஷ்போர்டில் 30 ஆம்பியர் வரை காட்டும் ஆம்பியர் மீட்டர் இருந்தால், மொத்த மின்னோட்டமும் அதன் வழியாகவே பாய்கிறது, அதை எடுத்துவிட்டு வோல்ட்மீட்டர் போடாமல் பெரிய ஆல்டர்னேட்டரைத் தொடவே கூடாது.

இனிச் சொல்லப்போவதை, மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும், தயவுசெய்து மறக்காதீர்கள். உங்கள் வண்டியைப் போன்ற பழைய டீசல் வண்டிகள் பலவற்றில், பிரேக் மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டருக்கு வெற்றிடத்தை உண்டாக்கும் வேக்கம் பம்ப், ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே, அதே தண்டில் சுழலும்படி பொருத்தப்பட்டிருக்கும். இன்ஜினிலிருந்து ஆயில் குழாய் ஒன்று அதற்கு வரும், இன்னொன்று ஆயிலைத் திருப்பி எடுத்துச் செல்லும். பெட்ரோல் காரின் ஆல்டர்னேட்டரில் அந்தப் பம்ப் இருக்காது. அதை வாங்கி, இன்ஜினோடு பிடித்து நிறுத்தும் தாங்கிகளைச் சரிசெய்து, புல்லியை நேராக்கி, சார்ஜ் வருகிறது என்று மகிழ்ந்து வண்டியை எடுத்துச் சென்றால், ஓரிரு முறை மிதித்த பிறகு பிரேக் மிதி கல்லாக இறுகிவிடும். ஒகேனக்கல் இறக்கத்திலோ, சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாயிலோ அது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் மாவட்டத்துக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பம்ப் உள்ள ஆல்டர்னேட்டரையே, அதே சுழற்சித் திசையில், அதே ஆயில் இணைப்புகளோடு வாங்குங்கள். அல்லது உங்கள் பம்பைக் கழற்றிப் புதியதில் பொருத்த முடியுமா என்பதைக் கடையிலேயே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பேசி வைத்திருப்பதில் பம்ப் இல்லை என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

மாட்டும் நாளில் இறங்கிப்போன பேட்டரியை வெளியே சார்ஜ் செய்துவிட்டே இணையுங்கள். முற்றிலும் இறங்கிய பேட்டரி புதிய ஆல்டர்னேட்டரை மணிக்கணக்கில் முழுச் சுமையில் ஓடவைத்துச் சூடேற்றும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றிச் சோதிக்க எந்த மெக்கானிக்கையும் அனுமதிக்காதீர்கள், டயோடு போய்விடும். டாஷ்போர்டின் சார்ஜ் விளக்கு சாவியைத் திருப்பியதும் எரிய வேண்டும். பல ஆல்டர்னேட்டர்களில் தொடக்கக் காந்தப்புலத்துக்கான மின்சாரம் அந்த பல்பின் வழியாகவே போகிறது, பல்பு போயிருந்தால் புதியதும் சார்ஜ் தராது. வண்டி நின்ற இடத்திலேயே பிரேக்கைப் பலமுறை மிதித்துப் பார்த்துவிட்டு, ஆயில் இணைப்புகளில் கசிவு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, சமதளச் சாலையில் ஓட்டிப் பாருங்கள். புது பெல்ட் சில நூறு கிலோமீட்டரில் தளரும் என்பதால், மலைப்பாதைக்குப் போகும் முன் அதை மீண்டும் ஒருமுறை இறுக்கிக்கொள்ளுங்கள்.