‘என்னைப் பார்க்காதே’: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பதினைந்து, பதினாறு வயது வாசகர்களுக்காக, ஜப்பானியத் தொன்மங்களை அடிப்படையாகக் கொண்ட மிகைபுனைவு நாவல் ஒன்றை எழுதி வருகிறேன். ஒன்பது வால் நரி, சிறகு முளைத்த ‘தெங்கு’ என்னும் மலைவாழ் மாயவுயிர், கொம்புள்ள ‘ஓனி’ என்னும் அரக்கன் ஆகிய எல்லாரும் கதைக்குள் வந்துவிட்டார்கள். கைப்பிரதியைப் படித்த தோழி ஒருத்தி, “எல்லாம் இருக்கிறது, ஜப்பான்தான் இல்லை” என்கிறாள். எதைத் தவறவிட்டேன்?

பதில்: உங்கள் தோழி கவனமாகப் படித்திருக்கிறார். உருவங்களை எடுத்துக்கொண்ட நீங்கள், அந்த உருவங்கள் கட்டுப்பட்டு நடக்கும் விதிகளை விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஓ நோ யாசுமாரோ தொகுத்து 712ஆம் ஆண்டில் பேரரசி கென்மெயிடம் அளித்த ‘கோஜிகி’ என்னும் பழைய ஜப்பானியத் தொன்ம நூலை எடுத்துப் படியுங்கள். அதில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கட்டளை உங்கள் கண்ணில் படும்: ‘பார்க்காதே.’

நெருப்புக் கடவுளைப் பெற்றெடுக்கும்போது உடல் வெந்து இறந்துபோன படைப்புத் தேவி இஸானாமியைத் தேடி, அவள் கணவன் இஸானாகி யோமி என்னும் இறந்தோர் உலகுக்குப் போகிறான். அவள் ஏற்கெனவே அங்குள்ள அடுப்பில் சமைத்த உணவை உண்டுவிட்டாள். ஆகவே எளிதில் திரும்ப முடியாது. அவ்வுலகத் தெய்வங்களிடம் பேசிவிட்டு வருகிறேன், அதுவரை என்னைப் பார்க்காதே என்று சொல்லி உள்ளே போகிறாள். காத்திருந்து பொறுமையிழந்தவன், தலையில் செருகியிருந்த சீப்பின் பல் ஒன்றை ஒடித்துக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் பார்க்கிறான். புழு நெளியும் உடலோடு, எட்டு இடித்தெய்வங்கள் அதன்மேல் குடியிருக்க, அவள் கிடக்கிறாள். என்னை நாணமுறச் செய்துவிட்டாய் என்பதுதான் அவள் வாயிலிருந்து வரும் முதல் சொல்.

அதே நூலில் கடலரசன் மகள் தொயோதமா-ஹிமே, மகப்பேற்றின்போது தன்னைப் பார்க்க வேண்டாமென்று கணவன் ஹோரியிடம் கேட்டுக்கொள்கிறாள். அவன் எட்டிப் பார்க்கிறான்; அங்கே ஒரு பெரும் கடல்விலங்கு ஊர்ந்து புரண்டுகொண்டிருக்கிறது. அவள் குழந்தையை விட்டுவிட்டு, கடலுக்கும் நிலத்துக்கும் இடையிலான வழியை அடைத்துக்கொண்டு திரும்பிப் போகிறாள். ஆனாலும் ஏக்கம் தீராமல், குழந்தையை வளர்க்கத் தன் தங்கையை அனுப்பி, அவள் கையில் கணவனுக்கு ஒரு பாடலையும் கொடுத்துவிடுகிறாள். என்னைப் பொறுத்தவரை கோஜிகியில் இதைவிட மனத்தை உலுக்கும் இடம் வேறில்லை.

இவ்விரு கதைகளிலும் பார்த்தவனுக்குக் கிடைக்கும் தண்டனையைவிடப் பார்க்கப்பட்டவளின் நாணமே பெரிதாக நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். யாரும் தீயவர் இல்லை. ஆனாலும் உறவு முறிந்துவிடுகிறது. பதினாறு வயதில் தாயையோ தந்தையையோ முதன்முறையாக ஒரு தனி மனிதராகப் பார்த்துத் திடுக்கிட்ட எவருக்கும் இது புரியும். உங்கள் நாவலுக்குத் தேவையான வலி இங்கேயே இருக்கிறது. யோமியிலிருந்து ஓடிவந்த இஸானாகி தன்மேல் ஒட்டிய ‘கெகாரே’யைப் போக்க ஆற்றில் இறங்கிக் குளிக்கிறான், நம் மொழியில் அதைத் தீட்டு என்று சொன்னால் பெரும்பாலும் பொருந்தும். அப்போது இடக்கண்ணைக் கழுவியதில் சூரியதேவி அமாதெராஸுவும், வலக்கண்ணைக் கழுவியதில் நிலவுக்கடவுள் த்சுகுயோமியும், மூக்கைக் கழுவியதில் சுசானோவும் பிறக்கிறார்கள். மரணத்தின் அழுக்கைக் கழுவிய நீரில்தான் வானத்தின் பெருந்தெய்வங்கள் தோன்றுகின்றன. உங்கள் கதைநாயகி போரில் வென்று திரும்பும்போது அவள்மேல் என்ன ஒட்டியிருக்கிறது, அதை எங்கே கழுவப் போகிறாள் என்று ஓர் அத்தியாயம் எழுதிப் பாருங்கள்.

கேள்வி: ‘காமி’ என்பதைக் கடவுள் என்றும், ‘யோகாய்’ என்பதைப் பேய் என்றும் தமிழில் எழுதலாமா?

பதில்: காமியைக் காமி என்றே விட்டுவிடுவது நல்லது. கோஜிகிக்கு 44 தொகுதிகளில் உரை எழுதி 1798இல் முடித்த மொதோரி நொரினாகா, வழக்கத்துக்கு மீறிய ஆற்றலும் வியப்பும் அச்சமும் தரும் எதுவும் காமியே என்று விளக்குகிறார். மனிதர், பறவை, விலங்கு, மரம், கடல், மலை என எல்லாமே அதில் அடங்கும். நன்மை செய்வதும் உண்டு, தீமை செய்வதும் உண்டு. ‘எண்பது இலட்சம் காமிகள்’ என்ற பழைய தொடர் ‘எண்ணில் அடங்காத’ என்பதைத்தான் குறிக்கிறது. இத்தனையையும் கடவுள் என்ற ஒரு சொல்லில் அடைத்தால், பாறையைப் பார்த்து ஒரு சிறுமி தலைவணங்கும் காட்சி வாசகருக்கு விளங்காமல் போய்விடும்.

பேய் என்றால் இறந்தவரின் ஆவி நினைவுக்கு வருவதால், எல்லாவகை விந்தை உயிர்களையும் குறிக்கும் யோகாய்க்கு அந்தச் சொல் இன்னும் பொருத்தமற்றது. நூறாண்டு பயன்பட்ட குடையும் செருப்பும் உயிர்பெற்று எழுவதும் யோகாய்க் கதைகளில் உண்டு. தூக்கியெறியப்பட்ட பழம்பொருள்கள் தம்மைக் கைவிட்ட மனிதர்மேல் சினம் கொள்வதைச் சொல்லும் பழைய ஓவியச் சுருள் ஒன்றும் இருக்கிறது. அந்தச் சினத்துக்குப் பேய் என்று பெயர் வைக்க மனம் வரவில்லை. சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு, முதல் முறை வரும் இடத்தில் காட்சியாலேயே பொருளை உணர்த்திவிடுங்கள்.

கேள்வி: இவ்வகை நாவல்களில் நரி ஏன் எப்போதும் அழகிய வஞ்சகியாகவே வருகிறது?

பதில்: ஒரே ஒரு மரபை மட்டும் எடுத்துக்கொள்வதால்தான். அழகியாக உருமாறிப் பேரரசர் தொபாவை மயக்கியதாகச் சொல்லப்படும் நரி தமாமோ-நோ-மாஏயின் கதையின் வேர் சீனாவுக்குச் செல்கிறது. அவள் கொல்லப்பட்ட பின் கல்லானாள் என்பது மரபு. ஜப்பானில் நாசு என்னும் இடத்தில் உள்ள அந்த ‘உயிர்கொல்லிக் கல்’ 2022 மார்ச்சில் இரண்டாகப் பிளந்தபோது செய்தியானது. ஆனால் கியோத்தோவின் புஷிமி இனாரி ஆலயத்தில் வாயில் சாவியோ நெற்கதிரோ கவ்வி நிற்கும் கல்நரிகள் இனாரி என்ற காமியின் தூதுவர்கள்.

நான் மிகவும் விரும்புவது குஸுனோஹாவின் கதை. தன்னைக் காப்பாற்றியவனை மணந்து மகனையும் பெற்ற அந்த நரி, ஒருநாள் தன் உண்மை உருவம் வெளிப்பட்டுவிட்டதால், ‘என்னை நினைத்து ஏங்கினால் ஷினோதா காட்டுக்கு வந்து தேடு’ என்று காகிதத் தட்டியில் எழுதிவிட்டுப் போய்விடுகிறது. அந்த மகன்தான் 10ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற அரசவைச் சோதிடர் ஆபே நோ செய்மெய் என்கிறது கதை. மேலே சொன்ன நாணம் இங்கும் தொடர்கிறது. நரித்தாயின் மகனாக வளர்வது எப்படிப்பட்டது என்பதை வைத்தே ஒரு முழு நாவல் எழுதலாம்.

கேள்வி: என் மகளுக்குப் பதின்மூன்று வயது. இத்தகைய நூல்களில் வரும் அழுகிய உடல், கொலை முதலியன அவளைப் பாதிக்குமா என்று அஞ்சுகிறேன்.

பதில்: நீங்களும் உடனிருந்து படியுங்கள். யோமியின் வாயிலைப் பாறையால் அடைத்த பின், நாளொன்றுக்கு ஆயிரம் பேரைக் கொல்வேன் என்கிறாள் இஸானாமி. அப்படியானால் நான் நாளொன்றுக்கு ஆயிரத்து ஐந்நூறு மகப்பேற்றுக் குடில்கள் எழுப்புவேன் என்கிறான் இஸானாகி. மரணம் ஏன் இருக்கிறது, இருந்தும் உலகம் ஏன் காலியாகவில்லை என்று கேட்கும் குழந்தையிடம் மறைக்க இதில் எதுவும் இல்லை.

கேள்வி: இறுதி அத்தியாயத்தில் வில்லனை நாயகன் அழிக்காமல் விட்டால், இளம் வாசகர்கள் ஏமாற்றம் அடைய மாட்டார்களா?

பதில்: சுசானோவைப் பாருங்கள். தாடி மார்பைத் தொடும் வயது வந்தும், தன் தாயாகக் கருதிய இஸானாமி இருக்கும் நாட்டுக்குப் போக வேண்டும் என்று மலைகள் வாடவும் ஆறுகள் வற்றவும் அழுத பிள்ளை அவன். தமக்கை அமாதெராஸுவின் வயல் வரப்புகளை உடைக்கிறான். தோலுரித்த குதிரையை அவளுடைய நெசவுக்கூடத்தின் கூரை வழியே வீசுகிறான். அவள் குகைக்குள் ஒளிந்துகொள்ள, உலகமே இருண்டுபோகிறது. எந்த நாவலிலும் அவன் வில்லனாகியிருப்பான். கோஜிகியோ அவனை வானிலிருந்து விரட்டி இஸுமோவின் ஆற்றங்கரையில் இறக்குகிறது. அங்கே மகளை எட்டுத்தலைப் பாம்புக்குப் பறிகொடுக்கவிருந்து அழும் கிழவனையும் கிழவியையும் பார்த்து, ஏன் அழுகிறீர்கள் என்று கேட்கிறான். அழுதுகொண்டே இருந்தவன் பிறர் அழுகைக்குக் காரணம் கேட்கும் அந்த இடத்தில்தான் அவன் வளர்ந்துவிட்டான் என்பதை உணர்கிறோம். பாம்பைக் கொல்வதும், அதன் வாலில் கிடைத்த வாளைத் தமக்கைக்கே அனுப்புவதும் அதன் பிறகு நடப்பவை. பின்னர் அவன் சுகா என்னுமிடத்தில் அந்தப் பெண்ணோடு வாழ ஒரு மாளிகை கட்டுகிறான். மேகங்கள் எழுவதைக் கண்டு, எட்டடுக்கு வேலியைப் பற்றி ஒரு பாடல் பாடுகிறான். ஜப்பானிய மரபு அதையே தன் முதல் கவிதையாகக் கொள்கிறது.