வாசகர் கேள்வி–பதில்: பழைய மேடைக் கச்சேரி, புதிய எல்.பி.

கேள்வி: அமெரிக்க ராக் இசைக் குழுவான கிரேட்ஃபுல் டெட் 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடத்திய கச்சேரி, 2017-ல் சிடியாக 3 தட்டுகளிலும் வினைலாக 5 தட்டுகளிலும் வந்தது. ஏன் இந்த வித்தியாசம்?

பதில்: அது இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் நீளும் கச்சேரி. ஒரு சிடியில் ஏறத்தாழ 80 நிமிடம் அடங்கும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் வினைல் தட்டான எல்.பி.யிலோ ஒரு பக்கத்துக்கு 18 முதல் 20 நிமிடம்தான் சரியான அளவு. அதற்கு மேலும் ஏற்றலாம். ஆனால் வரிப்பள்ளங்களை நெருக்கி வெட்டுவதற்காக ஒலியளவைக் குறைத்து, பாஸ் எனும் தாழ்ந்த ஒலிகளையும் அடக்குவார்கள். தட்டின் இரைச்சல் மேலே வந்துவிடும்.

பக்கத்தின் முடிவில் இன்னொரு சிக்கல். வெளி விளிம்பில் ஊசிக்கடியில் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, உள்ளே போகப்போக அது 21 செ.மீ. ஆகிவிடும். டிரம்ஸின் சிம்பலும் பாடகரின் ‘ஸ்’ ஒலியும் அங்கேதான் கரகரக்கும். நீண்ட பாட்டை நடுவில் முறிப்பதைவிட, ஒரு பக்கத்தை 12 நிமிடத்தோடு நிறுத்தி இன்னொரு தட்டு சேர்ப்பதே நல்ல தயாரிப்பு.

கேள்வி: ஒரு கச்சேரித் தட்டில் சவுண்ட்போர்டு பதிவு (அரங்கின் மிக்ஸரிலிருந்து நேரடியாக எடுத்தது) என்று போட்டிருக்கிறது. பாடகர் குரல் காதருகே கேட்கிறது, கிட்டார் எங்கோ ஒலிக்கிறது. டேப் கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. சிறிய அரங்கில் கிட்டார் ஆம்பும் (ஒலிபெருக்கி) டிரம்ஸும் தாமாகவே போதிய சத்தம் தரும். ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் வழியாக அரங்க ஸ்பீக்கர்களுக்கு முக்கியமாகக் குரலைத்தான் ஏற்றுவார்கள். மிக்ஸரிலிருந்து டேப்புக்குப் போனதும் அதே கலவை. ஒவ்வொரு கருவியையும் தனித்தனித் தடத்தில் எடுத்த பல தடப் பதிவு இருந்தால் மறுபடி மிக்ஸ் செய்யலாம். இரண்டே தடம் என்றால் பெரிதாகத் திருத்த முடியாது.

கூட்டத்தில் மைக் வைத்து எடுத்த பதிவு கிடைத்தால் இரண்டையும் சேர்க்கும் வழி உண்டு. பொறுமை கேட்கும் வேலை இது. மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி இருந்த மைக்குக்கு ஒலி சுமார் 88 மில்லிநொடி தாமதமாகப் போய்ச் சேரும். அதை நேர்செய்தாலும் போதாது. இரண்டு ரெக்கார்டர்களின் வேகம் 0.1 சதவீதம் மாறினாலே 20 நிமிடத்தில் 1.2 நொடி விலகிவிடும். பாட்டு நெடுக வேகத்தைத் திருத்திக்கொண்டே வராவிட்டால் ஸ்னேர் டிரம் அடி இரட்டையாகக் கேட்கும்.

கேள்வி: பழைய டேப்பை அவன் (oven) எனும் சூட்டடுப்பில் வைத்துச் சூடாக்குவது உண்மையா?

பதில்: உண்மைதான், ஆனால் எல்லா டேப்பையும் அல்ல. ஆம்பெக்ஸ் 456 போன்ற டேப் வகைகளில் காந்தப்பொடியைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். அப்படியே ஓட்டினால் பொடி உரிந்து டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அப்பும். 54 டிகிரி செல்சியஸில் 8 மணி நேரமாவது, சீரான சூட்டில் வைத்து, ஆறவிட்டு, சில வாரங்களுக்குள் டிஜிட்டலுக்கு மாற்றிவிட வேண்டும். சமையலுக்கான அவன் அடுப்பு கூடாது, அதன் சூடு ஏறி இறங்கும். அசிடேட் பிளாஸ்டிக்கில் செய்த பழைய வகை டேப்பைச் சூடாக்கவே கூடாது.

கேள்வி: புதுத் தட்டில் கரகரப்பு. குறை தட்டிலா, டேப்பிலா, என் பிளேயரிலா?

பதில்: எல்லாத் தட்டுகளிலும் கடைசிப் பாட்டில் மட்டும் வந்தால் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் கோணத்தைப் பாருங்கள். ஊசி அழுத்தத்தைத் தராசில் அளந்து, தயாரிப்பாளர் சொன்ன வரம்பின் மேல்பாதியில் வையுங்கள். குறைவான அழுத்தம்தான் பள்ளத்தை அதிகம் சேதப்படுத்தும். டிஜிட்டல் பிரதியிலும் அதே இடத்தில் இருந்தால் அது டேப்பிலேயே உள்ளது. ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் துணி கிழிவதுபோல் கேட்டால், தட்டை அச்சிட்டபோது வினைல் முழுதாக நிரம்பவில்லை. கழுவிப் பயனில்லை, மாற்றித் தரக் கேளுங்கள். சுருதி 1.8 நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கினால் நடுத்துளை விலகியிருக்கிறது, அதற்கும் மாற்றுத் தட்டுதான்.