வெந்நீருக்கு மின்சாரமா, வெயிலா?

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டின் இரண்டாம் கட்டில் ஆறு அறைகளை விருந்தினர் தங்குவதற்காகச் செப்பனிடுகிறோம். பழைய விறகு பாய்லரை எடுத்துவிட்டு, அறைக்கு ஒரு 25 லிட்டர் கீசர் வைக்கலாம், புகையும் சாம்பலும் இருக்காது என்கிறான் என் மகன். சரியா?

பதில்: விறகு பாய்லரை எடுப்பது நல்லது. ஆனால் அதற்குப் பதில் கீசர் வேண்டாம்.

விருந்தினர்கள் பெரும்பாலும் குளிப்பது அதிகாலையில். அப்போது சூரிய மின்சாரம் கிடையாது. காற்றாலைகள் தாராளமாகக் கொடுப்பது வைகாசி முதல் புரட்டாசி வரைதான். மற்ற மாதங்களில் விடியற்காலைத் தேவையில் பெரும்பகுதியைத் தாங்குவது நிலக்கரி.

தூத்துக்குடி அனல் மின் நிலையத்தின் 210 மெகாவாட் அலகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கப்பலில் வரும் நிலக்கரியை முகப்பவுடர் போல நைசாக அரைத்து, சூடான காற்றோடு கொதிகலனுக்குள் ஊதுகிறார்கள். தூள் ஓரிரு நொடிகளில் எரிந்துவிடுகிறது. கொதிகலன் சுவரெங்கும் ஓடும் குழாய்களில் தண்ணீர் நீராவியாகி, சுமார் 540 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகிறது. அந்த நீராவி டர்பைனை நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழற்ற, அதனுடன் இணைந்த ஜெனரேட்டரில் மின்சாரம் பிறக்கிறது.

பெரிய இழப்பு இதற்குப் பிறகுதான். டர்பைனை விட்டு வெளியேறும் நீராவியை மறுபடி தண்ணீராக்கினால்தான் கொதிகலனுக்குத் திருப்பி அனுப்ப முடியும். அதைக் குளிர்விக்கும்போது ஏராளமான வெப்பம் கடல்நீரோடு போய்விடுகிறது. இது பொறியாளர்களின் கவனக்குறைவு அல்ல. வெப்பத்தின் இயற்கை விதி. எரித்த வெப்பத்தில் மின்சாரமாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கம்பிகளில் வரும் வழியிலும் கொஞ்சம் குறையும்.

உங்கள் கீசரில் 25 லிட்டரை 30 டிகிரி உயர்த்த, தொட்டியில் கசியும் வெப்பத்தையும் சேர்த்து ஏறத்தாழ ஒரு யூனிட் ஆகும். ஒரு யூனிட்டுக்கு எரியும் இந்திய நிலக்கரி சுமார் 700 கிராம். அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சாம்பலாகவே மிஞ்சுவது வழக்கம். உங்கள் கொல்லையில் விழாத அந்தச் சாம்பல், மின் நிலையத்தில் மலையாகக் குவிகிறது. விளக்குக்கும் மின்விசிறிக்கும் மின்சாரம்தான் வேண்டும், அதில் கேள்வியே இல்லை. ஆனால் 540 டிகிரி வரை கொண்டுபோன வெப்பத்தின் பெரும்பங்கை இழந்து, மிஞ்சியதை மறுபடி குளியல் வெந்நீராக்குவதை என் மனம் ஏற்கவில்லை.

செட்டிநாட்டு வெயில் இருக்க, சூரிய வெந்நீர் கலனே என் பரிந்துரை. ஆறு அறை, அறைக்கு இருவர், ஆளுக்கு 40 லிட்டர் என்றால் 500 லிட்டர் போதும். தண்ணீர் மட்டுமே அரை டன் எடை. ஆகவே ஓட்டுக் கூரையிலோ தேக்கு உத்திரத்தின் நடுவிலோ ஏற்றாதீர்கள். கனமான சுவருக்கு நேர் மேலே, கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொன்ன இடத்தில், தெற்கு நோக்கி வையுங்கள். வாங்குமுன் தண்ணீரின் கடினத்தன்மையைச் சோதியுங்கள். உப்பு படியும் தண்ணீரென்றால், குளிக்கும் தண்ணீரை வெயிலில் காயும் குழாய்களுக்குள் விடாமல் வேறொரு திரவத்தின் வழியே சூடேற்றும் ‘வெப்பமாற்றி’ உள்ள வகையே நீடிக்கும். இந்த வீடுகளில் குழாய் நெடுந்தூரம் ஓடும். வெப்பக்காப்பு உறை போடாவிட்டால் கடைசி அறைக்கு வெதுவெதுப்புதான் போய்ச் சேரும்.

ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களுக்குக் கலனுக்குள் மின் கம்பிச்சுருள் ஒன்று தேவைப்படும். அதற்குத் தனிச் சுவிட்ச் வைத்து, வானம் மூடிய நாளில் மட்டும் போடுங்கள். எப்போதும் போட்டே வைத்தால் இரவெல்லாம் மின்சாரத்தில் சூடேறி நிற்கும் தொட்டியில், மறுநாள் வெயில் செய்வதற்கு வேலை இருக்காது.