நெக்கைக் கழற்றிக் காட்டுவாரா?

பழைய பேஸ் கிட்டார், ஆம்ப் வாங்குவோரின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: "1966 ஃபெண்டர் பிரிசிஷன், எல்லாமே ஒரிஜினல்" என்று ஒருவர் விற்கிறார். வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் 1376632 என்று பொறித்திருக்கும் படத்தையும் நெக் பிளேட் நம்பரையும் அனுப்பியிருக்கிறார். நம்பலாமா? (எஸ்.ஆர்., சிங்கப்பூர்)

பதில்: இந்த இரண்டை மட்டும் வைத்து நம்ப முடியாது. கன்ட்ரோல் எண்ணைப் பிரித்துப் படியுங்கள்: 137 என்பது சிடிஎஸ் கம்பெனி, 66 வருடம், 32 வாரம். அந்தக் கன்ட்ரோல் 1966-ன் 32-வது வாரத்தில் செய்யப்பட்டது, அவ்வளவுதான். பேஸ் அதற்கு முந்தையது அல்ல என்று தெரிகிறது. எத்தனை வருடம் பிந்தையது என்று தெரியவில்லை. அதிலும் 66-க்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1965-ல் ஃபெண்டரை சிபிஎஸ் என்ற ஒளிபரப்பு நிறுவனம் வாங்கிய பிறகு மொத்தமாகக் கொள்முதல் செய்த கன்ட்ரோல்கள் வருடக்கணக்கில் தீரவில்லை. 1969-ல் செய்த கிட்டாரைத் திறந்தாலும் உள்ளே 66 சிரிக்கும்.

நெக் பிளேட் என்பது நெக்கை, அதாவது கிட்டாரின் கழுத்தை, பாடியோடு சேர்க்க நான்கு திருகில் நிற்கும் தகடு. எந்தத் தகட்டையும் எந்த பாடியிலும் மாட்டிவிடலாம்.

நீங்கள் கேட்க வேண்டியது நெக்கின் அடிப்பக்கப் படம். கம்பிகளை முழுக்கத் தளர்த்திவிட்டு, திருகின் தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவரால் நான்கையும் கழற்றினால் முத்திரை தெரியும். அந்தக் காலத்து முத்திரையில் முதல் எண் 5 என்றால் பிரிசிஷன், 7 என்றால் ஃபெண்டரின் இன்னொரு மாடலான ஜாஸ். அடுத்து மாதமும் வருடமும். அடிப்பக்கம் பார்க்காமல் நான் வாங்கிய ஒரு "ஜாஸ்" நெக்கில் 5 இருந்தது. அதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

கழற்றியது கழற்றியதுதான், நெக் உட்காரும் குழியையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். அங்கே புத்தம்புதுப் பெயின்ட் தடிப்பாக இருந்தால் பாடிக்கு மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். அப்படிப்பட்ட பேஸுக்குச் சந்தை ஏறக்குறைய பாதி விலைதான் தரும். பிறகு பிக்கார்டை, அதாவது முன்பக்கத் தகட்டை, தூக்கி ஈயப் பற்றுகளைப் பாருங்கள். ஐம்பது வருடத்து ஈயம் மங்கியிருக்கும். பளபளத்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். கடைசியாக மல்டிமீட்டர்: பிரிசிஷன் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) 10 முதல் 12 கிலோ ஓம் காட்ட வேண்டும். அதில் பாதிதான் வந்தால் இரண்டு சுருளில் ஒன்று வேலை செய்யவில்லை. ஒன்றுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது.

"கழற்றினால் மதிப்புப் போய்விடும்" என்பார் விற்பவர். திருகைத் திருப்பி மதிப்புப் போன பேஸ் எதுவும் இல்லை. கழற்ற மறுத்தால் வேறு பேஸ் பாருங்கள்.

கேள்வி: முதலீடாக 70-களின் பேஸ் ஒன்று வாங்கிப் போடலாமா? (வி., சென்னை)

பதில்: முதலீட்டுக்கு நகைக்கடை இருக்கிறது. பேஸ் வாசிப்பதற்கு.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து மைத்துனர் வரும்போது 70-களின் ஆம்பெக் எஸ்விடி ஹெட்டை (ஸ்பீக்கர் சேராத ஆம்ப்) கொண்டுவருகிறார். சென்னையில் எந்தக் கன்வெர்ட்டர் வாங்குவது? (ஜி.கே., சென்னை)

பதில்: முதலில் மைத்துனரிடம் எடையைச் சொன்னீர்களா? அந்த ஹெட் சுமார் 38 கிலோ. 32 கிலோவுக்கு மேற்பட்ட ஒற்றைப் பெட்டியை விமான நிறுவனங்கள் பயணச் சாமானாகப் பொதுவாக ஏற்பதில்லை. கார்கோவில்தான் வர வேண்டும். வால்வுகளைக் கழற்றி, எது எந்தச் சாக்கெட் என்று எண் போட்டு, தனியாகச் சுற்றி அனுப்பச் சொல்லுங்கள். மொத்தம் 14 வால்வு. அதில் பவர் வால்வு மட்டும் 6. அவற்றை ஜோடி பொருந்திய செட்டாகத்தான் மாற்ற வேண்டும். அந்த செட்டின் விலையைக் கேட்டுவிட்டுத் தொடருங்கள்.

கன்வெர்ட்டர் என்று கேட்காதீர்கள். முடி உலர்த்திக்கான லேசான எலக்ட்ரானிக் பெட்டியைத் தலையில் கட்டிவிடுவார்கள். வேண்டியது இரும்புக் கோரும் செம்புச் சுற்றும் உள்ள, தூக்கினால் கை வலிக்கிற ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர். ரிச்சி தெருவில் கேட்டுப் பாருங்கள். ஆம்பின் பின்பலகையில் எழுதியிருக்கும் வாட் அளவைப்போல ஒன்றரை மடங்காவது தாங்க வேண்டும். எப்படியும் 1 கேவிஏ-க்குக் கீழே இறங்க வேண்டாம். அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அதனால் ஆம்பின் உள் டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சூடாகும். 120-ஐவிட 110 வோல்ட்டில் ஓட்டினால் அந்தச் சூடு குறையும். எர்த் முள் ஆம்ப் வரைக்கும் தொடர்கிறதா என்று மல்டிமீட்டரால் பார்த்த பிறகே சொருகுங்கள்.

கேள்வி: ஹாஃப்னர் 500/1 பேஸுக்குச் சாதாரண பேஸ் கம்பியை வெட்டிப் போடலாமா? (ஆர்., மதுரை)

பதில்: வேண்டாம், அது 30 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), ஷார்ட் ஸ்கேல் செட்டே கடையில் கிடைக்கும்போது 34 அங்குலக் கம்பியை ஏன் வெட்ட வேண்டும்?

கேள்வி: 60-களின் ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்ப், இரண்டு முள் பிளக், "யாரும் கை வைக்காதது" என்று கூடுதல் விலைக்கு வாங்கினேன். கண்டென்சர்களை மாற்ற வேண்டும் என்கிறார் டெக்னீஷியன். மதிப்புக் குறையாதா? (என்., டொரண்டோ)

பதில்: "கை வைக்காதது" என்ற சொல்லுக்கு யார் விலை போட்டார்களோ தெரியவில்லை. ஒருவரும் டயர் மாற்றாத அறுபது வருடத்து காருக்குக் கூடுதலாகக் கொடுப்பீர்களா? ஆம்ப் என்றதும் கொடுக்கிறார்கள்.

ஃபில்டர் கண்டென்சருக்குள் இருப்பது ஈரமான ரசாயனம். அது வருடங்களில் காய்ந்துபோகும். முதலில் ஹம் கூடும், தாழ்ந்த ஸ்வரங்கள் குழையும். ஒருநாள் ஷார்ட் ஆனால் போவது பவர் டிரான்ஸ்ஃபார்மர். உங்கள் ஆம்பில் உண்மையிலேயே விலை மதிப்புள்ளவை அந்த டிரான்ஸ்ஃபார்மர்களும் ஸ்பீக்கர்களும்தான். மலிவான கண்டென்சரைக் காப்பாற்றப் போய் இவற்றைப் பலிகொடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது.

பிளக் விஷயம் இதைவிட மோசம். இரண்டு முள் ஆம்பில் மெயின்ஸ் ஒயரிலிருந்து சேசிஸுக்கு (ஆம்பின் உலோகச் சட்டம்) ஒரு கண்டென்சர் போகும். கிரவுண்ட் ஸ்விட்ச் அதை எந்த ஒயரோடு சேர்ப்பது என்று தீர்மானிக்கும். அது ஷார்ட் ஆனால் மின்சாரம் நேராக சேசிஸுக்கும், அங்கிருந்து உங்கள் பேஸ் கம்பிக்கும் வரும். எர்த் ஆன மைக்கில் உதடு பட்டால் முடிந்தது கதை. அதற்கு 'டெத் கேப்' என்று பெயர் வைத்தது வேடிக்கைக்கு அல்ல. மூன்று முள் ஒயர் போட்டு, பச்சை ஒயரைச் சேசிஸில் தனித் திருகில் இறுக்கி, அந்தக் கண்டென்சரை வெட்டி எடுக்கச் சொல்லுங்கள்.

கழற்றிய பாகங்களை ஒரு கவரில் போட்டு ஆம்போடு வையுங்கள். நாளைக்கு விற்கும்போது விவரம் தெரிந்தவர் இதற்காக விலை குறைக்க மாட்டார். புதுக் கண்டென்சர் போட்டதும் 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் (சீரிஸ்) சேர்த்து, அதன் வழியாக முதல்முறை ஆன் செய்வது நல்லது. பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் சரி. முழுப் பிரகாசமாக நின்றால் உள்ளே ஷார்ட், உடனே அணைக்க வேண்டும். இதையெல்லாம் டெக்னீஷியனே செய்யட்டும். அணைத்த பிறகும் 400 வோல்ட்டுக்கு மேல் உள்ளே தங்கியிருக்கும். ஸ்பீக்கர் சேர்க்காமல் வால்வு ஆம்பை வாசித்துப் பார்க்கவும் கூடாது; அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகும்.

கேள்வி: ரிக்கன்பேக்கர் 4001 பேஸின் நெக் வளைந்திருந்தது. நெக்குக்குள் இருக்கும் டிரஸ் ராடை இறுக்கிக்கொண்டே போனேன், விரல் வைக்கும் பலகையான ஃபிங்கர்போர்டு தூக்கிவிட்டது. விற்றவர் பொறுப்பா? (டி., லண்டன்)

பதில்: நீங்கள்தான். ஃபெண்டரை முறுக்குவதுபோல அதை முறுக்கக் கூடாது. பழைய 4001-ல் இரண்டு ராடு. கம்பியையும் நட்டையும் தளர்த்தி, நெக்கைக் கையால் வேண்டிய நிலைக்கு வளைத்துப் பிடித்துக்கொண்டு, அந்த நிலை நிற்கும் அளவுக்கு மட்டும் நட்டை இறுக்க வேண்டும். இனி தொடாதீர்கள். கிட்டார் ஆசாரியிடம் கொடுத்தால் பசை விட்டுக் கிளாம்ப் போட்டுத் தருவார்.

கேள்வி: கடையில் "1974 ஜாஸ் பேஸ், ஒரிஜினல்" என்று பில்லில் எழுதிக் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்துத் திறந்தால் நெக் வேறு யாரோ செய்தது. கடைக்காரர் "பழைய பொருள் அப்படித்தான்" என்கிறார். (ம., கோவை)

பதில்: உங்கள் மேல் தவறே இல்லை. பில்லில் எழுதி வாங்கியது புத்திசாலித்தனம், அதுதான் இப்போது உங்கள் ஆயுதம். பழையது என்பது வேறு, பொய் என்பது வேறு. நெக்கின் அடிப்பக்கம், பில், விளம்பரம் மூன்றையும் படம் எடுங்கள். அந்த நெக் ஃபெண்டர் அல்ல என்று ஒரு ரிப்பேர்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள். பணம் திரும்ப வேண்டும் என்று ஸ்பீட் போஸ்ட்டில் கடைக்கு நோட்டீஸ் அனுப்பி 15 நாள் கொடுங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதுவரை அந்த பேஸில் எதையும் மாற்றாதீர்கள், புதுக் கம்பிகூட வேண்டாம்.

கேள்வி: 1963 ஜாஸ் பேஸ் ஒன்றை அமெரிக்காவிலிருந்து வரவழைக்கிறேன். ரோஸ்வுட்டுக்குத் தடை நீங்கிவிட்டது என்கிறார்களே? (பி., பெங்களூரு)

பதில்: பாதி உண்மை. 2019 முடிவில் விலக்கு வந்தது மற்ற ரோஸ்வுட் மரங்களில் செய்த முழு இசைக்கருவிகளுக்கு. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் சைட்ஸின் (அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கை) முதல் பட்டியலிலேயே இருக்கிறது, அந்தக் காலத்து ஃபிங்கர்போர்டில் எதிர்பார்க்க வேண்டியதும் அதைத்தான். தேவையான சைட்ஸ் தாள்கள் கைக்கு வரும்வரை விற்பவரைப் பெட்டியை ஒட்ட விடாதீர்கள். தாள் இல்லாமல் வந்தால் சுங்கத்தில் பிடித்து வைத்துக்கொள்வார்கள்.