கடை விலை அட்டையில் 'சீப் பிரைஸ்' என்று எழுதலாமா?

காரைக்குடியில் பழம்பொருள் கடை வைத்திருக்கிறீர்கள், வெளிநாட்டவருக்கான அட்டையில் 'சீப் பிரைஸ்', 'காஸ்ட்லி பிரைஸ்' சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம். பொருள்தான் சீப் அல்லது எக்ஸ்பென்சிவ். விலை என்றால் லோ அல்லது ஹை. 'தி லேம்ப் இஸ் எக்ஸ்பென்சிவ்', 'தி பிரைஸ் இஸ் ஹை' என்பதே முறை. அதோடு, சீப் என்றால் மட்டமான சரக்கு என்ற வாடையும் அடிக்கும். 'ரீசனப்ளி பிரைஸ்ட்' என்று போடுங்கள், மரியாதையாக இருக்கும்.

அதிகம் பேர் தடுமாறுவது, பொருளின் உண்மையான மதிப்பைச் சொல்லும் 'வொர்த்' என்ற சொல்லில்தான். அது வினைச்சொல் அல்ல. 'இட் வொர்த்ஸ்' தவறு, 'இட் இஸ் வொர்த்' சரி. நீங்கள் கேட்கும் விலைக்கு 'இட் காஸ்ட்ஸ்'. ஒரு தேக்குத் தூண் 'காஸ்ட்ஸ்' 20,000 ரூபாய், ஆனால் 'இஸ் வொர்த்' 30,000 என்றால், வாங்குபவருக்கு லாபம் என்று அர்த்தம். விலையைச் சொல்லும்போது காஸ்ட்டுக்கு இறந்தகாலமும் காஸ்ட்தான், 'காஸ்டட்' கிடையாது.

'பிரைஸ்லெஸ்', 'இன்வேல்யுவபிள்' இரண்டுமே விலைமதிப்பற்றது என்ற உயர்ந்த பொருள். பின்னது பெரும்பாலும் உதவி, ஆலோசனை போன்றவற்றுக்கு வரும். மதிப்பே இல்லாததற்கு 'வொர்த்லெஸ்'. விலை ஒட்டி விற்கும் பொருளை பிரைஸ்லெஸ் என்பது பொருந்தாது, 'வேல்யுவபிள்' போதும்.

நம்மூரில் எதற்கும் 'ரேட்' என்போம். ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் அளவுக் கணக்குக்கு: ஆத்தங்குடிக் கல் சதுர அடிக்கு இவ்வளவு என்றால் ரேட், ஒற்றை மரப்பெட்டிக்கு பிரைஸ்.