கறுப்புக் கறை விழுந்தால் போதுமா?

கேள்வி: ஆர்சனிக்கைக் கண்டுபிடிக்கும் மார்ஷ் சோதனை வந்தபிறகு பாஷாணம் (ஆர்சனிக் நஞ்சு) வைத்தவன் தப்பவே முடியாதாம். பீங்கானில் கறுப்புக் கறை விழுந்தால் கதை முடிந்ததாம். அவ்வளவு நுட்பமான சோதனையா அது?

பதில்: நுட்பத்தில் குறையே இல்லை. தொல்லையே அதனால்தான்.

காபியில் பாஷாணம் கலந்து தாத்தாவைக் கொன்றதாக ஜான் போடல் மீது இங்கிலாந்தில் ஒரு வழக்கு. வேதியியலர் ஜேம்ஸ் மார்ஷ், ஹைட்ரஜன் சல்பைடு செலுத்தி மஞ்சள் வீழ்படிவு எடுத்தார். ஜூரிகள் பார்ப்பதற்குள் அது கெட்டுப்போனது, போடல் விடுதலையானார். அந்த எரிச்சலில் மார்ஷ் உருவாக்கிய முறை 1836-ல் வெளியானது. துத்தநாகமும் நீர்த்த கந்தக அமிலமும் உள்ள குடுவையில் சந்தேகக் கரைசலை ஊற்ற வேண்டும். கரைசலில் ஆர்சனிக் இருந்தால், ஹைட்ரஜனோடு ஆர்சீன் வாயுவும் (ஆர்சனிக்கும் ஹைட்ரஜனும் சேர்ந்தது) கிளம்பும். குழாய் நுனியில் கொளுத்தி, சுடரில் குளிர்ந்த பீங்கானைப் பிடித்தால் பளபளக்கும் கறுப்புக் கறை. (குடுவையிலுள்ள காற்று முழுக்க வெளியேறும் முன் கொளுத்தினால் கறை விழாது, குடுவை வெடிக்கும்.) மில்லிகிராமில் ஐம்பதில் ஒரு பங்கு ஆர்சனிக்கே போதும்.

இவ்வளவு கூர்மையான சோதனை, துத்தநாகத்திலும் அமிலத்திலும் மாசாக ஒளிந்திருக்கும் ஆர்சனிக்கை மட்டும் விட்டுவிடுமா? அதனால் மாதிரியைச் சேர்க்காமல் முதலில் வெறும் சோதனை ஓட்ட வேண்டும். பீங்கான் வெள்ளையாகவே இருந்தால்தான் மேலே போகலாம். ஆன்டிமனியும் இதே போலக் கறை போடும். அந்தக் காலத்தில் வாந்தி எடுக்கவைக்கக் கொடுத்த மருந்தில் ஆன்டிமனி இருந்தது என்பதை மறக்காதீர்கள். சோடியம் ஹைப்போகுளோரைட் விட்டால் ஆர்சனிக் கறை கரையும், ஆன்டிமனி கறை அசையாது.

சோதனையாளர் கோட்டை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நஞ்சு வைத்துக் கொன்றதாக ஸ்மெதர்ஸ்ட் என்பவர் மீது இங்கிலாந்தில் நடந்த 1859 வழக்கைப் பாருங்கள். பெயர்பெற்ற நச்சியல் நிபுணர் ஆல்பிரட் டெய்லர் செய்தது ஆர்சனிக்கைக் கண்டுபிடிக்கும் இன்னொரு முறையான ரைன்ஷ் சோதனை: ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மாதிரியோடு செம்பைப் போட்டுக் கொதிக்கவைப்பது. ஆர்சனிக் இருந்தால் செம்பின்மேல் கருஞ்சாம்பல் படிவு ஏறும். அவர் சோதித்த சீசாவில் இருந்தது பொட்டாசியம் குளோரேட். அது போட்ட செம்பையெல்லாம் கரைத்தது; செம்பிலிருந்த ஆர்சனிக் மாசு கரைசலில் இறங்கியது. குளோரேட் தீர்ந்ததும் அடுத்துப் போட்ட செம்பில் படிவு ஏறிவிட்டது! தவற்றை டெய்லர் நீதிமன்றத்திலேயே ஒப்புக்கொண்டார். அப்படியும் ஸ்மெதர்ஸ்ட்டுக்குத் தூக்கு என்றே தீர்ப்பானது. பிறகுதான் மன்னிப்பு கிடைத்தது.